தொண்ணூத்தொம்பதரை

ஓடட்டும், அது பாட்டுக்கு ஓடட்டும், ஓடுதுங்கறதுக்காக நான் முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தமில்லை. புதுக் கெர்னல் ஒரு பக்கம் பில்ட் ஆகிட்டிருக்கட்டும், ஒட்டுப் போடறதுக்காக எழுதின சின்ன ஃபைல் இன்னொரு பக்கம் தயாரா கிடக்கட்டும், கடைசியில எது தோணுதோ அதைச் செஞ்சுக்கலாம், அப்படீன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு, காலி முட்டை ட்ரேக்களை அடுக்கி அதுமேல லேப்டாப்பை வச்சு, கால் ஆடற பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்திருக்கேன். எதிர்ல நாலாம் நம்பர் செட்டர். ரூம் அளவுக்கு ஒரு இரும்புப் பொட்டி, கோழிமுட்டையை உள்ள அடுக்கிச் சூடு காட்டி, பொரிக்கிற பக்குவத்துக்கு வர்ற வரைக்கும் வச்சிருக்கிறது இதுலதான். கதவுக்கு மேல சிவப்பா 99.5ன்னு எரியுது. முட்டைக்கு வேண்டிய சூடு அதுதான், தொண்ணூத்தொம்பதரை டிகிரி ஃபாரன்ஹீட். அந்த எண்ணைக் காட்டற கன்ட்ரோல் பாக்ஸ் நாங்க பண்ணினது, நானும் தனபாலும், கோயமுத்தூர்ல ரெண்டு ரூம் கம்பெனி, அவன் விக்கிறவன், நான் செய்யறவன். பாக்ஸுக்குள்ள ஓடறது லினக்ஸ், அதுக்கு அஸ்திவாரம் மாதிரி அடியில இருக்கிறது கெர்னல். சென்சார் சொல்றதைக் கேட்டு மேல இருக்கிற புரோகிராமுக்குச் சொல்ற வேலை கெர்னலோடது. அது சொல்றதைத்தான் நாங்க காட்டறோம், அது சொல்றதை வச்சுத்தான் ஹீட்டரைப் போடறோம், அணைக்கிறோம். லேப்டாப் திரையில வரி வரியா மேல போகுது, எந்தெந்த ஊர்க்காரனோ எழுதின ஃபைல் பேரெல்லாம் ஓடுது, பார்த்துக்கிட்டே இருந்தா கண்ணு சொக்குது. சொக்குதுன்னு நினைச்ச உடனே நெஞ்சுல சுருக்குன்னுது. வெளியில மோட்டார் தண்ணி பீச்சற சத்தம் கேக்குது. இங்க வேலை பார்க்கிற துளசிமணியக்கா ட்ரே கழுவறாங்க. காலையில நான் வந்ததுலயிருந்து கழுவிக்கிட்டேதான் இருக்காங்க.

காலையிலயே தெரிஞ்சு போச்சு எனக்கு. அதுதான் சனியன். வந்து, செருப்பைக் கழட்டி மருந்துத் தண்ணியில கால் நனைச்சு உள்ள நுழைஞ்சு, கேபிளைச் சொருகி, நடந்ததெல்லாம் பதிவாகற லாகைத் திறந்தேன், பத்து நிமிஷம் ஆகியிருக்குமா, முட்டையெல்லாம் செத்துப்போன அந்த ஞாயித்துக்கிழமை கண்ணுல பட்டுச்சு. மத்தியானத்துலயிருந்து சாயங்காலம் வரைக்கும் சென்சார் பதில் சொல்லலை, பதில் சொல்லலை, பதில் சொல்லலைன்னு ஒரே வரி, பக்கம் பக்கமா. அப்புறம் தானா சரியாகியிருக்கு, ஈரத்துல எங்கயோ ஒரு கனெக்டர் விட்டு மறுபடி ஒட்டியிருக்கும். சரி, சென்சார் பேசலைன்னா டிஸ்ப்ளேல கோடு கோடா வந்திருக்கணும், அலாரம் அலறியிருக்கணும், ஏன் அலறலைன்னு டிரைவரைத் திறந்தேன், கெர்னலுக்குள்ள சென்சாரோட பேசற துண்டு புரோகிராம் அது. பாக்ஸுக்குள்ள இருக்கிற சர்க்யூட் போர்டை வித்தவன் கெர்னலோட சேர்த்துக் கொடுத்தது. சென்சார் பதில் சொல்லலைன்னா தப்புன்னு சொல்லாதே, கடைசியா வந்த எண்ணையே திருப்பிக் கொடு. அவ்வளவுதான் எழுதியிருக்கான். ரெண்டே வரி. கடைசியா வந்த எண் தொண்ணூத்தொம்பது புள்ளி நாலு. இன்னும் கொஞ்சம் சூடு வேணும்னு ஹீட்டர் எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, எண் மாறவே இல்லை, உள்ள முட்டையெல்லாம் வெந்துக்கிட்டு இருந்திருக்கு. படிச்சதும் எனக்குக் கோபம்கூட வரலை, தெரிஞ்ச ஆளைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. காலேஜ் லேப்ல நாங்க செஞ்சதுதானே. ரீடிங் வரலையா, பக்கத்து பெஞ்சுக்காரன் ரீடிங்கைப் பார்த்து கடைசி எண்ணை லேசா மாத்தி எழுது, கிராஃப் நேரா வந்தா சார் கையெழுத்துப் போட்டுருவாரு. நேரா வராத கிராஃபுக்குத்தான் கேள்வி. அந்தப் புத்திதான், அதே புத்தி, எந்த ஊர் காலேஜ்ல படிச்சவனோ. அவனைச் சொல்லி என்ன, அவன் கொடுத்ததை ஒரு வரிகூடப் படிக்காம வாங்கி நாலு ஜில்லாவுக்கு வித்தது யாரு? என்னையே கேட்டுக்கறேன், டேய் ஜெகதீசா, லினக்ஸ்காரங்க புது கெர்னல்ல அந்த டிரைவரையே மாத்தி எழுதி, பேசலைன்னா பேசலைன்னு சொல்ல வச்சு எவ்வளவு நாளாச்சுன்னு இன்னைக்குத்தானேடா பார்த்தே. ஓடிட்டிருக்கிறதை ஏன் நோண்டணும்னு இருந்துட்டோம். எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க. எல்லாரும் இருக்காங்கன்னா அது சரின்னு ஆயிருமா.

அந்த ஞாயித்துக்கிழமை இங்க வேலைக்கு இருந்தது துளசிமணியக்கா மட்டும்தான். மத்தவங்கெல்லாம் ஒரு கெடாவெட்டுக்குப் போயிட்டாங்களாம். குஞ்சு பொரிக்க வேண்டிய அன்னைக்கு ஒண்ணுகூடப் பொரிக்கலை. கோழி டாக்டர் வந்து முட்டையை உடைச்சு உள்ள இருந்ததோட வளர்த்தியைப் பார்த்து, இன்ன நாள் வாக்குல சூடேறிச் செத்திருக்குன்னு சொல்லிட்டாரு. அப்ப இந்தம்மாதான்னு எல்லாரும் முடிவு கட்டிட்டாங்க. சோத்தைத் தின்னுப்போட்டுத் தூங்கியிருக்கு, சூடேறினதையும் பார்க்கலை, அலாரம் அடிச்சதும் காதுல விழலை. முதலாளி நாச்சிமுத்து ஐயா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லணும், எடுத்த எடுப்புல வெளிய போன்னு சொல்லலை. மூலையில இருக்கிற கருப்பராயன் முன்னால சூடத்தைக் கொளுத்தி, "தூங்கலைன்னு சொல்லி கையால அணைச்சிரு துளசிமணி, நான் நம்பிக்கிறேன், அதோட விட்டர்லாம்"ன்னு சொல்லியிருக்காரு. அக்கா கையை நீட்டியிருக்காங்க. நீட்டிட்டு இழுத்துக்கிட்டாங்களாம். "பார்த்தப்பெல்லாம் நெம்பரு சரியாத்தானுங்க இருந்துச்சு. ஆனா முட்டை செத்துப் போச்சே. நடுவால ஒரு நிமிசம் கண்ணு சொக்கியிருந்தாலும் சாமிகிட்டப் பொய்யாயிருமுங்களே"ன்னு சொல்லிட்டாங்களாம். சத்தியம் பண்ணலை, அப்ப தூங்கினது நிஜம்னு ஆயிருச்சு. பொய் சொல்ற ஆளா இருந்தா படக்குன்னு அணைச்சுட்டு இன்னைக்கு செட்டர் ரூம்ல ஃபேன் காத்துல உட்கார்ந்திருப்பாங்க. சொல்லாததனால ட்ரே கழுவறாங்க. மெஷினை ஒருதடவை பார்த்துருங்கன்னு தனபாலுக்குப் போன் பண்ணினப்பவே, அக்கா தூங்கிட்டாங்க, கழுவற வேலைக்கு மாத்திட்டேன்னு ஐயா சொல்லியிருந்தாரு; இந்தச் சத்தியக் கதையை என்கிட்டச் சொன்னது மத்தியானம், இலையில கறிக்குழம்பை ஊத்திக்கிட்டே. "பாவம், பொய் சத்தியம் பண்ணலை பாருங்க, அந்த மட்டுக்கும் நல்ல பொம்பள. அதனாலதான் கழுவற வேலையாவது கொடுத்தேன்." சொல்லிட்டு, "ஏனுங் தம்பி, மெஷினு மேல குத்தம் ஒண்ணுமில்லீங்களே?"ன்னு கேட்டாரு. வாயில சோறு இருந்துச்சு எனக்கு. மென்னுக்கிட்டே தலையை ஆட்டினேன். முழுங்கிட்டு, "இதுவரைக்கும் ஒண்ணும் தெரியலீங்க"ன்னேன். இன்னும் ரெண்டு துண்டு போட்டாரு. தின்னேன். நல்லா இருந்துச்சு வேற, த்தூ.

தனபாலுக்கு காலையிலயே போன் பண்ணிட்டேன். அவன் குரலைத் தாழ்த்திக்கிட்டு, அங்க பக்கத்துல ஆள் இருக்கிற மாதிரி, "ரெண்டு வரிதானேடா. பேட்ச் போட்டுட்டு வண்டி ஏறு"ன்னான். போடலாம். அந்த டிரைவரை மட்டும் ஒட்டுப் போட்டுத் திருத்தி, மெஷினை நிறுத்தாமயே பழசைக் கழட்டிப் புதுசை மாட்டிடலாம், எண் ஒரு செகண்டு மினுக்கும், அவ்வளவுதான், ஐயா திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாரு. இதே மாதிரி குஞ்சு பொரிக்கிற மத்த ஹேச்சரிக்கெல்லாம் ஆபீஸ்ல இருந்தபடியே அனுப்பிரலாம். "அதுக்கடியில இருக்கிறது பூராம் அதே ஆள் எழுதின கெர்னல்டா தனபாலு, இந்த ரெண்டு வரி நமக்குத் தெரிஞ்சது, தெரியாதது எத்தனையோ. ஈரப்பதம் பார்க்கிற டிரைவரையும் திறந்தேன், அங்கயும் இதே வேலை பண்ணி வச்சிருக்கான். புதுக் கெர்னலை எடுத்து முழுசா கட்டணும், அதுதான் முறை"ன்னேன். "கட்டேன். கட்டி? நாலு மெஷினையும் ஒவ்வொண்ணா நிறுத்தணும். ஏன் நிறுத்தறேன்னு கேப்பாரு. என்ன சொல்லுவே? ஒருத்தருக்குச் சொன்னா எல்லாருக்கும் சொல்லணும். அப்புறம் யாரு நம்ம பாக்ஸை வாங்குவா? கடையைச் சாத்திட்டு நீயும் நானும் முட்டைதான் அடுக்கணும்." கோபமா சொல்லலை அவன். பயந்து போய் சொன்னான். அவன் பயம் எனக்கும் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். கடைசியா ஒண்ணு சொன்னான் பாருங்க, அதுதான் என்னை இந்தச் சேர்ல உட்கார வச்சிருச்சு. "அந்தம்மாவைத்தான் வேலையில வச்சுக்கிட்டாங்கல்ல? அப்புறம் யாருக்குடா நஷ்டம்?" வச்சுக்கிட்டாங்க. ஆமா, வச்சுக்கிட்டாங்க. யாருக்கு நஷ்டம்? பதில் தெரியாம போனை வச்சுட்டேன். பதில் தெரியாமன்னு சொல்றது பொய், கேக்கப் பிடிக்காம வச்சேன்.

சரி, இப்படி யோசிப்போம், இன்ஜினியரா யோசிப்போம். இந்த நிமிஷம் உள்ள உயிரோட முட்டை இருக்கு. கனெக்டர் மறுபடி விட்டா மறுபடி வேகும். அதனால உடனே பேட்ச் போடறதுதான் புத்திசாலித்தனம், ரீபில்டை, அதான் முழுசா கட்டறதை, நிதானமா அடுத்த மாசம் வச்சுக்கலாம். நல்லா இருக்கு கேக்கறதுக்கு. எந்த மீட்டிங்ல சொன்னாலும் தலையாட்டுவாங்க. அடுத்த மாசம் வருமா? வரும், அதுக்கு அடுத்த மாசமும் வரும், நான் வரமாட்டேன், என்னை எனக்குத் தெரியாதா. அப்பன்னா ரீபில்ட். ஆனா புதுக் கெர்னல் இந்த போர்டுல ஏறாம முரண்டு பிடிச்சா, மெஷின் செத்துக் கிடந்தா, ஐயா மூஞ்சியில எப்படி முழிக்கிறது, அந்த முட்டைக்கு யார் பொறுப்பு, அப்ப மறுபடி பேட்ச். பேட்ச், ரீபில்ட், பேட்ச், ரீபில்ட். மொபெட் டியூப்ல பஞ்சர் மேல பஞ்சர் ஒட்டி, இனி ஒட்ட இடமில்லைன்னு கடைக்காரன் விரிச்சுக் காட்டுவானே, அப்பவும் இந்த ஒருதடவை மட்டும் ஒட்டுங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கிற ஆள்தான் நான். திரையில வரி ஓடுது. நடுவுல அதே டிரைவரோட பேர் வந்துட்டுப் போச்சு, புதுசு, திருத்தினது. ஒரு கண் சிமிட்டற நேரம்தான். டேய், மெஷினைப் பத்தி யோசிக்கிற மாதிரி நடிக்காதே. பேட்ச்சா ரீபில்டாங்கிறது அரை மணி நேரத்துல முடிவு பண்ற விஷயம். சொல்றதா வேண்டாமாங்கிறதுதான் காலையிலயிருந்து உன்னைப் போட்டு அரைக்குது. நிறுத்தாம செஞ்சா சொல்ல வேண்டாம், நிறுத்தினா சொல்லணும், அதுக்காகத்தான் நிறுத்தாம செய்யறதுக்குக் காரணம் காரணமா தேடறே. தேடினா கிடைக்காமயா போகும். நடுவழி ஒண்ணும் தோணுது: அக்காவைத் தனியா கூப்பிட்டு, நீங்க தூங்கலைங்க, மனசுல வச்சுக்குங்க, வெளிய சொல்லாதீங்கன்னு காதுல போட்டுட்டு, பேட்ச்சையும் போட்டுட்டுப் போயிடறது. அடேங்கப்பா, என்ன தாராளம். அந்தப் பொம்பள மேல இருக்கிற பாரத்தோட நம்மளோடதையும் சேர்த்து ஏத்திவிட்டுட்டு பஸ் ஏறலாம். தண்ணிச் சத்தம் நின்னுருச்சு. காலையில நான் உள்ள வரும்போது, "வாங்க தம்பி, சவுக்கியமுங்களா"ன்னு கேட்டாங்க. அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது, நல்லா சிரிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு தண்ணி குடிக்க வெளிய போனப்ப தெரியும், அப்பவும் சிரிச்சேன். அப்பச் சொல்லியிருக்கலாம். குழம்பு ஊத்தறப்பவாவது சொல்லியிருக்கலாம்.

பில்ட் முடிஞ்சுருச்சு. எப்ப முடிஞ்சுதுன்னே பார்க்கலை, வரி ஓடறது நின்னு கர்ஸர் மினுக்கிக்கிட்டு இருக்கு. ஒரு எர்ரரும் இல்லை. ஒரு எர்ரராவது வந்திருக்கக்கூடாதா, அதைச் சாக்கு வச்சாவது இன்னைக்குத் தப்பிச்சிருப்பேன். "ஏனுங் தம்பி, டீ கொண்டாந்தனுங்." துளசிமணியக்கா. முழங்கை வரைக்கும் ஈரம், சேலையை ஏத்திச் செருகியிருக்காங்க, கையில எவர்சில்வர் டம்ளர். செட்டர் ரூம் வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டு கையை மட்டும் உள்ள நீட்டினாங்க. நான் எழுந்து போய் வாங்கினேன். போவாங்கன்னு பார்த்தேன், போகலை. எட்டி லேப்டாப்பைப் பார்த்தாங்க, கதவுமேல இருக்கிற எண்ணைப் பார்த்தாங்க. "தம்பி, ஒண்ணு கேக்கோணும், தப்பா நினைச்சுக்காதீங்க. அன்னைக்கு நடந்ததெல்லாம் இந்தப் பொட்டிக்குள்ள பதிஞ்சிருக்குமாமே?" "இருக்குங்க்கா"ன்னேன். "அப்ப நான் எத்தனை நேரந் தூங்குனேன்னு அதுல தெரியுமுங்களா?" அவங்களே பேசினாங்க, மெதுவா, வெளிய யாருக்கும் கேக்காத மாதிரி. "இல்லீங் தம்பி, கொஞ்ச நேரம்னா பரவால்ல, அசதின்னு விட்டர்லாம். நான் நெம்பரைப் பார்த்துப் பார்த்துத்தான் உக்காந்திருந்தேன், தூங்குன நெனப்பே இல்ல. நெனப்பே இல்லாம ஒரு மனுசி அத்தனை நேரந் தூங்குவாளா? தலையில என்னமோ கோளாறுன்னு பயமா இருக்குதுங். அன்னையிலிருந்து மொபெட்டை எடுக்கறதில்லீங். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறது நாந்தான், இப்ப நடந்துதான் போறம், அதுவும் ரோட்டைத் தாண்டறப்ப அவங்கையை நான் புடிக்கறதில்ல, அவனை என்ற கையைப் புடிச்சுக்கச் சொல்லியிருக்கறேன். அடுப்பு பத்த வைக்கறதுக்கும் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிட்டுக்கறேன். மருமவ சிரிக்கறா. பெரியாசுபத்திரிக்குப் போய் படம் எடுத்துப் பார்க்கலாம்னு பையன் சொல்றான். அதுக்கு முன்னால இதைக் கேட்டுப்போடலாம்னு."

யாருக்குடா நஷ்டம்னு கேட்டியே தனபாலு. டம்ளர் கையில சுட்டுச்சு, ட்ரே மேல வச்சேன். என்னமோ பெரிசா பேசணும்னு நினைச்சேன், கெர்னல், டிரைவர், போர்டு வித்தவன்னு எல்லாம் வாய்க்குள்ள உருண்டுச்சு. "நீங்க தூங்கலைங்க்கா"ன்னேன். அவங்க புரியாம பார்த்தாங்க. "நீங்க ஒரு நிமிஷம்கூடத் தூங்கலை. பொட்டிதான் பழைய எண்ணையே காட்டிக்கிட்டு இருந்திருக்கு. சென்சார் அன்னைக்குப் பாதியில பேசாம போச்சு, அது தெரியாம உள்ள கடைசியா வந்த எண்ணையே சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க பார்த்தது சரிதான். அது காட்டினதுதான் பொய்." அக்கா வாசப்படியில அப்படியே உட்கார்ந்துட்டாங்க. சேலைத் தலைப்பால மூஞ்சியைத் துடைச்சாங்க, ஈரக் கையையும் துடைச்சாங்க, மறுபடி மூஞ்சியைத் துடைச்சாங்க. "அப்ப என்ற தலையில ஒண்ணுமில்லீங்களா?" "ஒண்ணுமில்லைங்க்கா. எங்க பொட்டியிலதான் கோளாறு. நாலு மெஷினையும் நிறுத்தி உள்ள இருக்கிறதை முழுசா மாத்தணும். ஐயாகிட்ட நானே வந்து சொல்றேன், இப்பவே வாங்க." சொன்னதும் கை தானா போய் அந்தச் சின்ன ஒட்டு ஃபைலை அழிச்சுருச்சு. பயம் போகலை, ஆனா மூச்சு விட முடிஞ்சுது. கம்பெனி போனா போகட்டும், தனபால் திட்டினா திட்டட்டும், ஒரு தடவையாவது முழுசா, ஒட்டுப் போடாம ஒரு காரியத்தைச் செஞ்சுட்டோம்னு தோணுச்சு. நிஜமா அப்படித் தோணுச்சு.

அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க. சிரிச்சாங்க, அழுகை நிக்காம சிரிச்சாங்க. "எத்தனை நாளு தம்பி, பைத்தியம் புடிச்சாப்ல ஆயிருச்சு போங்க. சாயங்காலம் வரைக்கும் இருக்கோணும், அப்புறம் போய் பையன்கிட்டச் சொல்லோணும்"னு என்னென்னமோ சொன்னாங்க. அப்புறம், சும்மா, பேச்சோட பேச்சா, சந்தேகமே இல்லாம கேட்டாங்க. "எப்பத் தம்பி தெரிஞ்சுது உங்களுக்கு?"

காலையில. நீங்க அந்த முதல் அடுக்கைக் கழுவி முடிக்கிறதுக்கு முன்னாலயே. நீங்க பயந்துக்கிட்டே பகல் பூராம் வேலை செஞ்சப்ப நான் பத்தடி தள்ளி உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமான்னு கறிச்சோறு தின்னுக்கிட்டே யோசிச்சேன். இவ்வளவும் வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்க மூஞ்சியைப் பார்த்தேன்.

"இப்பத்தாங்க்கா"ன்னேன். "நீங்க டீ கொண்டு வந்தீங்களே, அப்பத்தான்."

"நல்லா இருப்பீங்க சாமி"ன்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாங்க. வேண்டாங்க்கான்னு சொல்லியிருக்கணும். அவங்க கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்னு வாங்கிக்கிட்டேன்.